மைன்கிராஃப்ட் கருவிகள் எவ்வளவு உழைக்கும் என்று நாமே சோதித்துப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான். அன்பிரேக்கிங் 3 (கருவியை மெதுவாகத் தேயவைக்கும் மந்திரத்தின் மூன்றாம் நிலை) போட்ட இரும்பு பிக்காக்ஸ் இரண்டை எடுத்து, இரண்டையும் உடையும் வரை கல்லில் அடித்துப் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று 940 கல்லில் உடைந்தது, இன்னொன்று 1060 வரை போனது. எந்த என்சான்ட்மென்ட்டும், அதாவது கருவிக்கு ஏற்றும் எந்த மந்திரமும், இல்லாத ஓர் இரும்பு வாளையும் அதே கல்லில் அடித்தீர்கள். அது 125 பிளாக்கிலேயே போய்விட்டது, ஆனால் இரும்புக்கு 250 என்றுதான் எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. கேமில் கோளாறா, சோதித்த விதத்தில் கோளாறா என்று கேட்கிறீர்கள்.

இரண்டிலும் கோளாறு இல்லை. நீங்கள் எடுத்த மூன்று எண்களும் கேமின் விதிப்படி சரியாகவே வந்திருக்கின்றன. எண்ணியது அடிகளை, கேம் கணக்கு வைப்பது புள்ளிகளை. அந்த ஒரு வித்தியாசம்தான் இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். கருவிக்குள் இருப்பது ஒரு டியூரபிலிட்டி எண், அதாவது ஆயுள் புள்ளி. ஒவ்வொரு செயலும் அதிலிருந்து ஒன்றையோ, இரண்டையோ, சில சமயம் ஐந்தையோ கழிக்கும். சில செயல்கள் எதையுமே கழிக்காது. அன்பிரேக்கிங் இருந்தால் கழிக்கலாமா வேண்டாமா என்பதை ஒவ்வொரு முறையும் அதிர்ஷ்டம் முடிவு செய்யும். ஆக, தொடக்கப் புள்ளி எவ்வளவு, ஒரு செயலுக்குத் தேய்மானம் எவ்வளவு, அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் தெளிவு கிடைக்கும். மூன்றையும் ஒன்றாகப் போட்டு அடித்தால் வரும் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இனி நான் சொல்வதெல்லாம் ஜாவா எடிஷனுக்கு. பெட்ராக் என்ற மற்ற எடிஷனிலும் பல எண்கள் இவைதான், ஆனால் சண்டை முறை வேறு என்பதால் ஆயுதச் சோதனையை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

முதலில் தொடக்கப் புள்ளிகள். தங்கம் 32, மரம் 59, கல் 131, செம்பு 190, இரும்பு 250, டயமண்ட் 1561, நெதரைட் 2031. பிக்காக்ஸ், கோடரி, மண்வாரி, ஹோ, வாள் எல்லாவற்றுக்கும் இதே எண்தான். எத்தனை கட்டி போட்டுச் செய்தோம் என்பதை கேம் கண்டுகொள்வதே இல்லை. மூன்று இரும்பு போட்ட பிக்காக்ஸுக்கும் 250, ஒரே இரும்பு போட்ட மண்வாரிக்கும் 250. அன்விலில் (பட்டடை) பழுது பார்க்கும்போது இது கொஞ்சம் விபரீதமாகப் போகும். அங்கே ஒரு டயமண்ட் கொடுத்தால் மொத்த ஆயுளில் 25 சதவீதம்தான் திரும்பும். ஒரே டயமண்டில் செய்த மண்வாரியை முழுதாகச் சரிசெய்ய நான்கு டயமண்ட் வேண்டும்! நல்ல என்சான்ட்மென்ட் இல்லாத மண்வாரி என்றால் புதிதாக ஒன்று செய்துகொள்வதே லாபம்.

சில பழைய பட்டியல்களில் இந்த எண்கள் 33, 60, 132, 251, 1562 என்று ஒன்று கூடுதலாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பொய் இல்லை. பழைய பதிப்புகளில் சேதம் மொத்த ஆயுளைத் தாண்டினால்தான் கருவி உடையும், அதனால் ஓர் அடி கூடுதலாகக் கிடைத்தது. இப்போது சேதம் மொத்த ஆயுளைத் தொட்டாலே உடைந்துவிடும். எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்வது இதனால்தான்.

இப்போது உங்கள் வாளுக்கு வருவோம். வாளால் ஒரு மிருகத்தையோ எதிரியையோ அடித்தால் தேய்மானம் 1. அதே வாளால் ஒரு பிளாக்கை உடைத்தால் தேய்மானம் 2. பிக்காக்ஸ், கோடரி, மண்வாரி மூன்றுக்கும் இது தலைகீழ்: பிளாக் உடைத்தால் 1, எதிரியை அடித்தால் 2. 250-ஐ இரண்டால் வகுத்தால் 125. உங்கள் வாள் ஒரு பிளாக்கூட முன்னே பின்னே போகாமல் சரியாக அந்த இடத்தில் உடைந்திருக்கிறது. நீங்கள் சோதித்தது வாளின் ஆயுளை அல்ல, வாளைப் பிக்காக்ஸாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதை. அந்தக் கேள்விக்கு உங்கள் விடை மிகச் சரி.

பிளாக் உடைப்பதில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு. புல், பூ, டார்ச் மாதிரி கடினத்தன்மை பூஜ்யமாக உள்ள பிளாக்கை எந்தக் கருவியால் உடைத்தாலும் தேய்மானம் கிடையாது. கத்தரிக்கோல் மட்டும் இதற்கு விலக்கு, அது புல்லை வெட்டினாலும் தேயும். பாதி உடைத்துவிட்டு விட்ட பிளாக்குக்கும் தேய்மானம் இல்லை, பிளாக் முழுதாகப் போகும் நொடியில்தான் புள்ளி கழியும். பொருந்தாத கருவி என்பதற்காகக் கூடுதல் தண்டனையும் கிடையாது. பிக்காக்ஸால் மண்ணை வெட்டினாலும் 1, இலையை வெட்டினாலும் 1. நேரம்தான் அதிகமாகும்.

தோண்டும் வேகத்தைக் கூட்டும் எஃபிஷியன்சி மந்திரமும் ஹேஸ்ட் எஃபெக்ட்டும் சேர்ந்து கல் ஒரே தட்டில் போகும் நிலைக்கு வந்தாலும் தேய்மானம் அதே 1 தான். கல்லின் கடினத்தன்மை பூஜ்யமாகிவிடவில்லை அல்லவா. புல் உடனே போவதும் கல் உடனே போவதும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், கணக்கில் வேறு வேறு. பலர் இடறுவது இங்கேதான். இதைச் சோதனைக்குச் சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். எஃபிஷியன்சி 5 போட்ட டயமண்ட் பிக்காக்ஸும் பீக்கன் பிளாக்கிலிருந்து ஹேஸ்ட் 2-ம் இருந்தால் நொடிக்கு 20 கல் வரை போகும். என்சான்ட் செய்யாத டயமண்ட் பிக்காக்ஸுக்குக் கல் ஒன்றுக்கு 0.3 நொடி, அதோடு பிளாக்குக்குப் பிளாக் ஒரு சின்ன இடைவெளி வேறு. ஆயுளைப் பாதிக்காமல் சோதனையை மட்டும் வேகமாக்கும் வழி இது.

சரி, களத்தை அமைப்போம். தனி ஆள் உலகம் ஒன்று, சீட் (கமாண்டுகளைப் பயன்படுத்தும்) அனுமதியோடு. சோதனை நடக்கும்போது கட்டாயம் சர்வைவல் முறையில் இருக்க வேண்டும், கிரியேட்டிவ் முறையில் எந்தக் கருவியும் தேயாது. சர்வரில் சோதிக்காதீர்கள். இணைப்பு தடுமாறினால் உங்கள் திரையில் உடைந்த கல் சர்வரில் உடையாமல் நிற்கும், எண்ணிக்கை கெட்டுவிடும். ஒரே தட்டில் உடைக்கும்போது இது இன்னும் மோசம்.

அப்புறம் எஃப்3-ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு எச் தட்டுங்கள். இனி கருவியின் மேல் மவுஸை வைத்தால் டியூரபிலிட்டி 240 / 250 என்கிற மாதிரி ஒரு வரி தெரியும். புத்தம் புதுக் கருவியில் அந்த வரி வராது, ஒரு புள்ளியாவது தேய்ந்த பிறகுதான் வரும். இதை விட்டுவிட்டுக் கருவியின் அடியில் தெரியும் பச்சைக் கோட்டை நம்பிச் சோதிப்பவர்கள் நிறைய. அந்தக் கோட்டின் மொத்த நீளமே 13 பிக்சல்தான். டயமண்ட் கருவியில் ஒரு பிக்சல் குறைய சுமார் 120 புள்ளி போக வேண்டும், இரும்பில் சுமார் 19. கோடு அசையவில்லை என்பதற்காகத் தேயவில்லை என்று முடிவு கட்டுவது இதனால்தான் தப்பு.

எத்தனை பிளாக் உடைத்தோம் என்பதை மனதில் எண்ணவே எண்ணாதீர்கள். இதற்கு எனக்குப் பிடித்த வழி, ஓர் இடம் முழுவதையும் ஒரே பிளாக்கால் நிரப்பும் ஃபில் கமாண்ட். அதன் இயல்பான வரம்பு ஒரு முறைக்கு 32768 பிளாக், அதாவது 32-க்கு 32-க்கு 32 அளவில் ஒரு கன சதுரம். அந்த அளவுக்குக் கல்லை நிரப்புங்கள். உங்களுக்கு வேண்டியதை உடையுங்கள். முடிந்ததும் அதே இடத்துக்கு மறுபடி ஃபில் கொடுங்கள், ஆனால் இந்தமுறை காற்றாக உள்ள இடங்களை மட்டும் கல்லாக மாற்றச் சொல்லுங்கள். எத்தனை பிளாக்கை நிரப்பினேன் என்று கேமே சாட்டில் சொல்லும். அதுதான் நீங்கள் உடைத்த எண்ணிக்கை. அடுத்த சோதனைக்குக் களமும் அதே நொடியில் தயார். உடைக்கும்போது கன சதுரத்துக்கு வெளியே கை போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்கோர்போர்டும் உதவும். கல் எத்தனை தோண்டப்பட்டது, பிக்காக்ஸ் எத்தனை முறை பயன்பட்டது, எத்தனை பிக்காக்ஸ் உடைந்தது என்று மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல் உண்டு, திரையின் ஓரத்தில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ‘பயன்படுத்தியது’ என்ற எண்ணிக்கையைத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பிக்காக்ஸால் ஒரு பூவைப் பறித்தாலும் அந்த எண்ணிக்கை ஒன்று ஏறும், புள்ளியோ குறையாது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் வரும் எண்ணிலும் இதே சிக்கல் இருக்கிறது.

தொடக்கப் புள்ளியைச் சரிபார்க்க 1561 கல் உடைக்க வேண்டிய அவசியம் இல்லை. கிவ் கமாண்டில் ஏற்கெனவே சேதமான கருவியைக் கேட்டு வாங்கலாம். 1551 சேதத்தோடு ஒரு டயமண்ட் பிக்காக்ஸ் வாங்கினால் மிச்சம் 10 புள்ளி. பத்தாவது கல்லில் உடைகிறதா, பதினொன்றாவதிலா என்று பாருங்கள், அரை நிமிட வேலை. மேலே சொன்ன அந்த ‘ஒன்று கூடுதல்’ விஷயத்தையும் இதே சோதனையில் தீர்த்துவிடலாம். கமாண்டை எழுதும் விதம் 2024 ஏப்ரலில் வந்த 1.20.5 பதிப்பில் மாறிவிட்டது. அதற்கு முன் சேதத்தைச் சுருள் அடைப்புக்குள் எழுதினோம், இப்போது சதுர அடைப்புக்குள். பழைய வீடியோவைப் பார்த்துத் தட்டச்சு செய்தால் பிழைதான் வரும்.

இனி விஷயத்தின் சுவையான பகுதி, அன்பிரேக்கிங். இது ஆயுளைக் கூட்டுவதாக நினைப்பவர்கள் அதிகம். 250 என்பது 250 ஆகவேதான் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளி கழியும்போதும் கேம் ஒரு சீட்டுக் குலுக்குகிறது. அன்பிரேக்கிங் 1 என்றால் இரண்டு சீட்டு, 2 என்றால் மூன்று, 3 என்றால் நான்கு. அதில் ஒரே ஒரு சீட்டில்தான் ‘கழி’ என்று எழுதியிருக்கிறது. ஆகவே அன்பிரேக்கிங் 3-ல் ஒரு புள்ளி கழிய சராசரியாக 4 அடி ஆகும். இரும்புக்கு 1000, டயமண்டுக்கு 6244, நெதரைட்டுக்கு 8124. வாளால் பிளாக் உடைக்கிற மாதிரி இரண்டு புள்ளி போகும் செயலில் இரண்டுக்கும் தனித்தனியாகக் குலுக்கல் நடக்கும்.

சராசரி 1000 என்றால் ஒவ்வொரு பிக்காக்ஸும் 1000-ல் உடையும் என்று அர்த்தம் இல்லை. எவ்வளவு விலகும் என்பதையும் கணக்குப் போட்டுச் சொல்லலாம். அன்பிரேக்கிங் 3-க்கு, தொடக்கப் புள்ளியை 12-ஆல் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் வரும். இரும்புக்கு 3000-இன் வர்க்கமூலம், சுமார் 55. அதாவது மூன்றில் இரண்டு பிக்காக்ஸ் 945-க்கும் 1055-க்கும் நடுவில் உடையும். 890-க்கும் 1110-க்கும் நடுவில் கிட்டத்தட்ட 95 சதவீதம் அடங்கிவிடும். உங்களுடைய 940-ம் 1060-ம் மிகச் சாதாரண எண்கள். இரண்டுக்கும் இடையில் உள்ள 120 வித்தியாசமும் அப்படித்தான். இதே சோதனையை யார் செய்தாலும், ஏறக்குறைய எட்டில் ஒரு தடவை இதைவிடப் பெரிய இடைவெளியே வரும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், உங்கள் சோதனை எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்பது அப்போது தெரியும். இரண்டு பிக்காக்ஸுக்கும் சேர்த்து 500 புள்ளி, உடைத்த கல் 2000. ஒரு புள்ளிக்கு 4 கல். விதி என்ன சொல்கிறதோ அதுவே கையில் வந்திருக்கிறது. ஒவ்வொரு கருவியையும் தனியாகப் பார்த்தால் முரண்பாடாகத் தெரிவது, புள்ளிக்கு எத்தனை அடி என்று பார்த்தால் ஒரே பேச்சாகிவிடுகிறது.

இதே காரணத்தால் தங்கத்தை மட்டமாக நினைக்க வேண்டாம். அன்பிரேக்கிங் 3 போட்ட ஒற்றைத் தங்கப் பிக்காக்ஸின் சராசரி 128, விலக்கம் சுமார் 20. ஒன்று 90-ல் உடையும், அடுத்தது 165 போகும். இதைப் பார்த்துவிட்டு தங்கத்துக்கு அன்பிரேக்கிங் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். டயமண்டில் சராசரி 6244-க்கு விலக்கம் 137தான், இரண்டு சதவீதம் சொச்சம், அதனால் அது ‘நம்பகமாக’ தெரிகிறது. ஆனால் 49 தங்கப் பிக்காக்ஸை வரிசையாக உடைத்தால் மொத்தம் 1568 புள்ளி. அந்த மொத்தக் கணக்கு ஒரு டயமண்ட் பிக்காக்ஸின் கணக்கு அளவுக்கே துல்லியமாக இருக்கும். குலுக்கல் எத்தனை நடந்தது என்பதுதான் முக்கியம், எந்த உலோகத்தில் நடந்தது என்பது அல்ல. தங்கம் கல்லை 0.2 நொடியில் உடைக்கும் என்பதால் வெறும் பிக்காக்ஸ்களில் வேகமானதும் அதுதான்.

உண்மையில் அன்பிரேக்கிங்கைச் சோதிக்கக் கருவியை உடைக்கவே தேவையில்லை. நான் பரிந்துரைப்பது இதுதான்: அன்பிரேக்கிங் 3 போட்ட புது டயமண்ட் பிக்காக்ஸை எடுத்து 1000 கல் உடையுங்கள், பிறகு எத்தனை புள்ளி குறைந்திருக்கிறது என்று படியுங்கள். எதிர்பார்ப்பது 250, விலக்கம் சுமார் 14. ஆகவே 222-லிருந்து 278-க்குள் எங்கே வந்தாலும் நான்கில் ஒன்று என்ற விதியோடு ஒத்துப்போகிறது. மூன்றில் ஒன்று என்பது உண்மையாக இருந்தால் 333 பக்கம் வந்திருக்கும், அது இந்த எல்லைக்கு வெகு தூரம். உடையும் வரை அடிப்பதில் ஒரு திருப்தி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதில் எண்ணிக்கை முடியும் இடத்தையே அதிர்ஷ்டம் முடிவு செய்கிறது. அடிகளின் எண்ணிக்கையை நாம் முடிவு செய்து புள்ளியை அளப்பது சுத்தமான சோதனை, நடுவில் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தித் தொடரவும் செய்யலாம்.

ஆயுதத்துக்கு வேறு ஏற்பாடு வேண்டும். குழியில் ஒரு மாட்டை நிறுத்தி, ஆட்ரிபியூட் கமாண்டில் அதன் அதிகபட்ச ஹெல்த்தை 1024 ஆக்குங்கள், கேம் அதற்கு மேல் ஏற்றாது. பிறகு இன்ஸ்டன்ட் ஹெல்த் எஃபெக்ட் கொடுத்து நிரப்புங்கள். இரும்பு வாளின் அடி 6 என்பதால் ஒரு மாடு 171 அடி தாங்கும். இரண்டு மாடு இருந்தால் 250 அடி தாராளம். ஜாம்பியைவிட மாடு நல்லது, திருப்பி அடிக்காது, வெயிலில் எரியாது.

இங்கே கவனிக்க வேண்டியது அடியின் தாளம். அடி வாங்கிய மாப்புக்கு (மிருகமோ எதிரியோ) அரை நொடி பாதுகாப்பு உண்டு. அந்த அரை நொடிக்குள் மறுபடி அடித்தால், முந்தைய அடியைவிடப் பலமான அடியாக இருந்தால் ஒழிய, அது படாது, படாத அடிக்கு வாளும் தேயாது. மவுஸை எத்தனை முறை தட்டினோம் என்று எண்ணினால் அதனால்தான் வாள் 250-க்கு மேல் எங்கேயோ போவதாகத் தெரிகிறது. வாள் முழுதாகத் தயாராக 0.625 நொடி ஆகும். அந்த இடைவெளி விட்டு அடித்தால் ஒவ்வோர் அடியும் படும், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி போகும். 250 அடிக்கு மூன்று நிமிடம்கூட ஆகாது.

இந்தத் தாளம் சோதனைக்கு மட்டும் உரியது இல்லை. முழுதாகத் தயாராகாத அடிக்குச் சேதம் குறைவு, ஆனால் பட்டுவிட்டால் தேய்மானம் அதே ஒரு புள்ளி. படபடவென்று தட்டிச் சண்டை போடுபவர் அதே வேலைக்கு அதிக வாளைச் செலவு செய்கிறார். ஓடாமல் தரையில் நின்று முழு அடி கொடுத்தால் ஸ்வீப் விழும், சுற்றி நிற்கிற மாப்களுக்கும் அடி படும். ஆனால் தேய்மானம் நேரடியாக அடித்த ஒன்றுக்கு மட்டும்தான். ஐந்து ஸ்பைடர் சூழ்ந்தாலும் ஸ்வீப்புக்கு ஒரே புள்ளி. வாளின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது இதை யாரும் சொல்வதில்லை என்பது எனக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

கோடரியா வாளா என்ற வாதத்தையும் புள்ளிக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். டயமண்ட் கோடரியின் அடி 9, வாளுடையது 7. ஆனால் கோடரிக்கு ஓர் அடிக்கு 2 புள்ளி. வாழ்நாள் முழுக்க வாள் கொடுக்கும் சேதம் 1561 பெருக்கல் 7, அதாவது 10927. கோடரி 781 அடியில் உடையும், மொத்தம் 7029. ஒரே அடியில் அதிகம் வேண்டும் என்றால் கோடரி, நெடுநாள் உழைக்க வேண்டும் என்றால் வாள். கையில் இருக்கும் மரம்வெட்டும் கோடரியாலேயே தினமும் சண்டையும் போட்டால் அது இரட்டை வேகத்தில் தேய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சோதனையைக் கெடுப்பதில் முதலிடம் மெண்டிங் என்ற என்சான்ட்மென்ட்டுக்கு. ஓர் எக்ஸ்பி (அனுபவப்) புள்ளிக்கு 2 டியூரபிலிட்டியைத் திருப்பித் தரும். நெதர் உலகில் குவார்ட்ஸ் தாது ஒன்றை உடைத்தால் 2 முதல் 5 எக்ஸ்பி. உடைத்ததற்குப் போனது ஒரு புள்ளி, திரும்பி வருவது 4 முதல் 10 வரை. அப்படிப்பட்ட பிக்காக்ஸ் உடையவே உடையாது. ஆகவே மெண்டிங் இருக்கிற கருவியைத் தாதுவில் சோதிக்காதீர்கள், வெறும் கல்லில் சோதியுங்கள். பிளாக்கை அப்படியே எடுக்கவைக்கும் சில்க் டச் இருந்தால் தாதுவிலிருந்து எக்ஸ்பி வராது என்பதும் ஒரு வழி. உடம்பிலும் கையிலும் மெண்டிங் உள்ள சேதமான பொருட்கள் பல இருந்தால் எக்ஸ்பி அவற்றில் ஏதோ ஒன்றுக்குப் போகும், எதற்கு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. மெண்டிங்கையே அளக்க வேண்டும் என்றால் மற்ற கவசங்களைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு பொருளோடு நில்லுங்கள்.

பழுது பார்த்த கருவியையும் கணக்கில் சேர்க்காதீர்கள், சேர்த்தே ஆக வேண்டும் என்றால் சேர்ந்த புள்ளியைக் குறித்துவையுங்கள். மிச்சம் 100 புள்ளி உள்ள இரண்டு இரும்பு பிக்காக்ஸைக் கிராஃப்டிங் கட்டத்திலோ கிரைண்ட்ஸ்டோனிலோ சேர்த்தால் 212 வரும், மொத்த ஆயுளில் 5 சதவீதம் இனாம். அன்விலில் இனாம் 12 சதவீதம், 230 வரும். ஆனால் அன்வில் ஒவ்வொரு முறையும் விலையை ஏற்றிக்கொண்டே போய் ஒரு கட்டத்தில் ‘டூ எக்ஸ்பென்சிவ்’ என்று கையை விரித்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வில் 384, ஓர் அம்புக்கு ஒன்று. திரிசூலம் 250, எறிந்தாலும் குத்தினாலும் ஒன்று. 2024-ல் 1.21-ல் வந்த மேஸ் (கதாயுதம்) 500. கேடயம் 336, 3-க்குக் குறைவான அடியைத் தடுத்தால் தேயாது, அதற்கு மேல் என்றால் அடியின் அளவோடு ஒன்று கூட்டிப் போகும். தூண்டில் 64தான், ஆனால் சோதிக்கச் சுவாரசியமானது இதுதான்: மீன் பிடித்தால் 1, முள் தரையில் குத்தி நிற்கும்போது இழுத்தால் 2, ஒரு மாப்பை மாட்டி இழுத்தால் 5. மாடு இழுத்து விளையாடினால் பதின்மூன்றாவது இழுப்பில் தூண்டில் போய்விடும். பறக்க உதவும் எலிட்ரா இறக்கைக்கு 432, பறக்கும் ஒவ்வொரு நொடிக்கும் ஒன்று. ஆனால் அது உடையாது, கடைசி ஒரு புள்ளியில் இறக்கையை மட்டும் மடக்கிவிடும். ஆக 431 நொடி, 7 நிமிடம் 11 நொடி.

கவசத்துக்கு மட்டும் அன்பிரேக்கிங்கின் கணக்கு வேறு. அன்பிரேக்கிங் 3 போட்ட கருவியில் புள்ளி கழிய வாய்ப்பு 25 சதவீதம், கவசத்தில் 70 சதவீதம். கருவியின் ஆயுள் நான்கு மடங்காகும்போது கவசத்தின் ஆயுள் ஒன்றரை மடங்குகூட ஆகாது. கருவியில் கண்டுபிடித்த விதியைக் கவசத்துக்கு நீட்டக் கூடாது, தனியாகவே சோதிக்க வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான் பாக்கி: அந்த இரும்பு வாளை மாட்டின் மேல் மறுபடி சோதிப்பது. என்சான்ட்மென்ட் இல்லாத புது வாள், முக்கால் நொடிக்கு ஓர் அடி, உடையும் வரை. 250-வது அடியில் உடைய வேண்டும். உடையவில்லை என்றால், எஃப்3, எச் போட்டு வரும் வரியில் சாய்கோட்டுக்கு வலப்பக்கம் உள்ள எண்ணைப் பாருங்கள். 1.20.5-க்குப் பிறகு டேட்டாபேக்கோ (உலகத்தோடு சேர்க்கும் மாற்றத் தொகுப்பு) கமாண்டோ ஒரு பொருளின் அதிகபட்ச டியூரபிலிட்டியையே மாற்றிக் கொடுக்க முடியும். அங்கே 250 என்று இல்லையானால் உங்கள் கையில் இருப்பது வழக்கமான இரும்பு வாள் அல்ல. அந்த எண்ணை வைத்தே கணக்கைப் போடுங்கள்.